மஞ்சள், சுண்ணாம்பு, ஒரு சிரிஞ்ச்: அமிலத்தையும் காரத்தையும் வீட்டில் அளந்து பழகுவது எப்படி

கும்பகோணத்தில் என் அப்பா வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்தார். கடையின் ஓரத்தில் ஒரு மண்சட்டியில் சுண்ணாம்பு குழைத்து வைத்திருப்பார். அதன்மேல் எப்போதும் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் வற்றினால் சுண்ணாம்பு செத்துவிடும் என்பார். காலையில் கடை திறக்கும்போது அந்தத் தண்ணீரின்மேல் மெல்லிய கண்ணாடி போல ஓர் ஏடு படர்ந்திருக்கும். விரலால் தொட்டால் நொறுங்கிக் கீழே இறங்கும். அது என்ன என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார் அப்பா.

பின்னாளில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். 31 ஆண்டுகள் பியூரெட் (துளித்துளியாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்) கழுவினேன், கரைசல் தயாரித்தேன், செய்முறைத் தேர்வு நாள்களில் பிள்ளைகளின் நடுங்கும் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஏடு சுண்ணாம்புக்கல்தான் என்பதையும், காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து ஒவ்வோர் இரவும் அதை உண்டாக்கியது என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

ஆய்வகத்தில் ஒன்று என்னை விடாமல் உறுத்தியது. பிள்ளைகள் துளித்துளியாய் விட்டு, நிறம் மாறியதும் அளவைக் குறித்து, வாய்பாட்டில் போட்டு, சரியான விடையையும் எழுதிவிடுவார்கள். "இப்போது எதை எண்ணினாய்?" என்று கேட்டால் பதில் வராது. வரையறையை முதலில் மனப்பாடம் செய்ததால் வந்த வினை அது. நிறம் முதலில், எண்ணிக்கை அடுத்தது, வரையறை கடைசியில் என்ற வரிசையில் போனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது பிடிபடும். இந்தக் கோடை விடுமுறையில் என் பேத்தியோடு அப்படித்தான் செய்தேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளையோடு செய்து பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை

மஞ்சள்தூள், வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு (வாசனையோ நிறமோ சேர்க்காதது), நிறமில்லாத வெள்ளை வினிகர், எலுமிச்சம்பழம், ஆப்பச் சோடா, ஒரு துண்டு படிகாரம், பத்துப் பதினைந்து சங்குப்பூ, நான்கைந்து ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி. மருந்துக் கடையில் ஊசி இல்லாமல் 5 மில்லிலிட்டர் சிரிஞ்ச் இரண்டும், சிறிய புட்டி சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒன்றும் வாங்குங்கள். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் ஒரு புட்டி வேண்டும். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். அது கந்தக அமிலம். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் ஆறேழு இருந்தால் நல்லது. நிறம் வெள்ளையின்மேல்தான் பேசும்.

கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். நம் ஊர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளில் பல தாங்களே சற்றுக் காரத்தன்மை உள்ளவை. அவை கணக்கைக் கெடுக்கும்.

தொடங்குமுன்

சுண்ணாம்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெற்றிலையில் தடவி வாயில் போடுவதால் அது சாது என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. கண்ணில் பட்டால் அது கருவிழியைப் பொசுக்கிவிடும். கடையில் விற்கும் சின்னச் சுண்ணாம்புப் பொட்டலங்களையும் குழாய்களையும் குழந்தைகள் பிதுக்கி விளையாடி, கண்ணில் பீய்ச்சியடித்துப் பார்வை இழந்திருக்கிறார்கள். சுண்ணாம்பைக் கரைக்கும் வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். எல்லோரும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவி, கண் மருத்துவரிடம் ஓடுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாற்றை விடுவது கொடுமை. தண்ணீர், தண்ணீர், தண்ணீர் மட்டும்.

இன்னொன்று. கழிவறை கழுவும் ஆசிட்டை இந்தச் சோதனைகளுக்குக் கொண்டுவராதீர்கள். அதைப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள்; குளோரின் வாயு வந்து நுரையீரலைத் தாக்கும்.

என் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், அடர் கந்தக அமிலம் கொஞ்சம் இருந்த குடுவையில் தண்ணீரை ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் கனமான அமிலத்தின் மேலேயே நின்று, அங்கேயே கொதித்து, அமிலத்தையும் அள்ளிக்கொண்டு தெறித்தது. அமிலத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், தண்ணீரை அமிலத்தில் சேர்க்கக் கூடாது என்ற விதியை எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் தெரிந்த விதி கையிலேயே இருக்கும். அதனால்தான் இங்கே ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே போகிறேன்.

நிறம்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி, அந்த இடத்தில் சலவை சோப்பைப் போட்டதும் மஞ்சள் கறை இரத்தம்போலச் சிவப்பதையும், அலச அலச மறுபடி மஞ்சளாவதையும் பார்க்காத வீடு நம் ஊரில் இல்லை. ஆலத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்ததும் சிவப்பதும் அதே வேதியியல்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும், காரத்தில் செம்பழுப்பாகும். இப்படி நிறத்தால் செய்தி சொல்லும் பொருளை நிறங்காட்டி என்கிறோம்.

ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை 50 மில்லிலிட்டர் ஸ்பிரிட்டில் போட்டுக் குலுக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். குர்குமின் தண்ணீரில் நன்றாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். மேலே தெளிந்து நிற்கும் பொன்னிறச் சாற்றை வேறொரு புட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்பு எரியும் இடத்தில் இதைச் செய்ய வேண்டாம், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். சாற்றில் வடிதாள் துண்டுகளை நனைத்து நிழலில் உலர்த்தினால் மஞ்சள் தாளும் தயார்.

சங்குப்பூவையும் செம்பருத்தியையும் தனித்தனியாகக் கால் தம்ளர் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். காம்பையும் பச்சைப் பகுதியையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் எடுப்பது முக்கியம். சங்குப்பூச் சாறு நீலமாக வரும். எலுமிச்சையில் அது ஊதாவாகும், சுண்ணாம்பு நீரில் பச்சையாகும். செம்பருத்திச் சாறு அமிலத்தில் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை. மோரைப் போன்ற மெல்லிய புளிப்புக்குச் சங்குப்பூ அசைந்துகொடுக்காது, அங்கே செம்பருத்தியே மேல். காரப் பக்கத்தின் ஏற்ற இறக்கங்களைக் காட்டச் சங்குப்பூவுக்கு நிகரில்லை. இரண்டும் வேண்டும்.

பூச்சாற்றை வைத்து அமிலத்தை அறியும் வழக்கம் பழையது. 1664இல் ராபர்ட் பாயில் என்ற வேதியியலாளர் வயலெட் பூவின் சாற்றைக் கொண்டு இதையே எழுதிவைத்தார். பள்ளியில் வாங்கும் லிட்மஸ் என்ற நிறங்காட்டி, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கனிலிருந்து எடுப்பது. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான், ஆனால் வேறு இனம்.

இப்போது பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். கிண்ணங்களில் எலுமிச்சைச் சாறு, வினிகர், புளிக்கரைசல், மோர்த் தெளிவு, சர்க்கரைத் தண்ணீர், ஆப்பச் சோடாக் கரைசல், சோப்புத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டுச் சாறு. என்ன நிறம் வரும் என்று நீங்கள் வாய் திறக்கக் கூடாது. முதலில் பிள்ளை ஊகித்து எழுதட்டும், பிறகு சொட்டு விடட்டும், பிறகு கண்டதை எழுதட்டும். ஊகம் தவறிய இடங்களில்தான் பாடம் இருக்கிறது.

என் பேத்தியின் ஊகம் தவறிய இடம் மிளகாய். அவளாகவே ஒரு கிண்ணத்தில் மிளகாய்த்தூளைக் கரைத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் தாளை நனைத்தாள். தாள் மஞ்சளாகவே இருந்தது.

"தாத்தா, மிளகாய் காரம்தானே? ஏன் சிவக்கவில்லை?"

31 ஆண்டுகளில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் நாலைந்து பேர்தான். கேட்காமல் மனத்தில் குழம்பிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ! தமிழில் காரம் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. நாக்கில் எரியும் காரம் வேறு, வேதியியலின் காரம் வேறு. மிளகாயின் காப்சைசின், சூட்டை உணர நம் நரம்பில் இருக்கும் ஏற்பியைப் போய்த் தொடுகிறது. அதனால் சுட்டது போலத் தோன்றுகிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வேதியியல் காரத்தின் சுவை கசப்பு. தொட்டால் வழவழக்கும், ஏனென்றால் தோலிலுள்ள கொழுப்பை அது கொஞ்சம் சோப்பாக்கிவிடுகிறது.

பழைய பெயர்களை நம்பியும் ஏமாறக் கூடாது. படிகாரத்தின் பெயரிலேயே காரம் இருக்கிறது. அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவைப் போடுங்கள். நுரைத்துப் பொங்கும். ஆப்பச் சோடாவைப் பொங்கவைப்பது அமிலத்தின் வேலை. ஆம், படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உடையது. வெங்காரம் (போராக்ஸ்) மட்டும் பெயருக்கேற்ற காரம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்திருக்கிறது. நாம் காரம் என்பதை அங்கே மூலம் என்கிறார்கள்; நீரில் கரையும் மூலத்தைத்தான் காரம் என்கிறார்கள். நாம் அதை எரிகாரம் என்கிறோம். யாழ்ப்பாணத்து நூலையும் சென்னை நூலையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆப்பச் சோடாவிடம் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதன் கரைசல் மஞ்சள் தாளை இலேசாகத்தான் மாற்றும், நிறம் ஆரஞ்சோடு நின்றுவிடும். இரண்டு தேக்கரண்டி ஆப்பச் சோடாவை எண்ணெய்ப் பசையில்லாத இரும்பு வாணலியில் போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் வறுங்கள். வறண்ட தூள் தண்ணீர்போலக் கொப்பளிக்கும். கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறுகின்றன. ஆறியபின் அதே அளவு எடுத்துக் கரைத்து மஞ்சள் தாளை நனைத்தால் ஆழ்ந்த சிவப்பு வரும். வாணலியில் இப்போது இருப்பது சலவைச் சோடா. இதைச் சமையலறை டப்பாவில் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.

அளவுகோல்

நிறத்துக்கு ஓர் எண் கொடுத்தவர் டென்மார்க்கின் வேதியியலாளர் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் மதுபான ஆலையின் ஆய்வகத்தில் 1909இல் பிஎச் என்ற அளவை வகுத்தார். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு 2க்குச் சற்று மேல், பால் 6.6 அளவில், நம் இரத்தம் 7.35க்கும் 7.45க்கும் இடையில், ஆப்பச் சோடாக் கரைசல் 8.3, தெளிந்த சுண்ணாம்பு நீர் 12.4.

ஒரு படி என்றால் பத்து மடங்கு. இதை வாயால் சொன்னால் யாருக்கும் உறைக்காது. செய்து காட்டுங்கள். முதலில் சுண்ணாம்பு நீர் வேண்டும். மொச்சைக்கொட்டை அளவு சுண்ணாம்பை அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, இறுக மூடி, நன்றாகக் குலுக்கி, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மிஞ்சிக் கிடக்க வேண்டும். கிடக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் போடுங்கள். மேலே இருக்கும் தெளிந்த நீரை மட்டும் கலங்காமல் எடுத்து வேறு புட்டியில் மூடி வையுங்கள்.

முதல் கிண்ணத்தில் 10 மில்லிலிட்டர் சுண்ணாம்பு நீர். அதிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து இரண்டாம் கிண்ணத்தில் விட்டு, 9 மில்லிலிட்டர் வடித்த நீர் சேருங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்கும் அப்படியே. இப்போது எல்லாவற்றிலும் ஐந்தைந்து சொட்டுச் சங்குப்பூச் சாறு. முதல் கிண்ணம் பச்சையிலிருந்து சில நிமிடங்களில் மஞ்சளுக்குச் சாயும், இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம் கலந்த பச்சை. 12.4, 11.4, 10.4. நான்காவது கிண்ணமும் வைத்துப் பார்க்கலாம். அங்கே கணக்குப் பிசகும். அவ்வளவு நீர்த்த காரத்தைக் காற்றின் கரியமில வாயுவே தின்றுவிடும்.

எண்ணிக்கை

இனி முக்கியமான வேலை, தரம்பார்த்தல்: அளவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாக விட்டு, தெரியாததன் அளவை எண்ணுவது. பியூரெட்டுக்குப் பதில் சிரிஞ்ச், பினால்ப்தலீன் என்ற ஆய்வக நிறங்காட்டிக்குப் பதில் மஞ்சள் சாறு. மஞ்சள் நிறம் மாறும் இடம் பிஎச் 7.4க்கும் 8.6க்கும் இடையில். வினிகரைக் காரம் முழுவதுமாக நடுநிலையாக்கும் இடமும் அங்கேதான் விழுகிறது. அதனால் இந்த இருவருக்கும் நல்ல பொருத்தம்.

சுண்ணாம்பு நீரின் அருமை இங்கே தெரியும். ஆய்வகத்தில் நான் திட்டக் கரைசல் (அடர்த்தி துல்லியமாகத் தெரிந்த கரைசல்) தயாரிக்கக் கிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எடை போடுவேன். சுண்ணாம்பு நீருக்குத் தராசே வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.6 கிராம்தான் கரையும். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அடியில் தங்கிவிடும். நீங்கள் ஒரு சிட்டிகை போட்டாலும் ஒரு கரண்டி போட்டாலும், அடியில் மிச்சம் கிடக்கும் வரை மேலே இருக்கும் நீரின் அடர்த்தி ஒன்றே. எடைபோடும் வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்கிறது.

ஒரு சிரிஞ்சால் 1 மில்லிலிட்டர் வினிகரைக் கிண்ணத்தில் விடுங்கள். சிரிஞ்சின் நுனியில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. நுனியை மேலே பிடித்துத் தட்டினால் போய்விடும். பத்து மில்லிலிட்டர் வடித்த நீர் சேருங்கள். இது நிறத்தைப் பார்க்க வசதிக்காகத்தான். எவ்வளவு நீர் சேர்த்தாலும் வினிகரில் இருந்த அமிலத்தின் எண்ணிக்கை மாறாது. பிள்ளையிடம் இதைக் கேள்வியாகக் கேளுங்கள், நான் சொன்னதைச் சொல்லிவிடாதீர்கள். மஞ்சள் சாறு ஐந்து சொட்டு.

மற்றொரு சிரிஞ்சில் சுண்ணாம்பு நீர் 5 மில்லிலிட்டர் நிரப்பி, கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே விடுங்கள். விழும் இடத்தில் ஒரு செம்பழுப்புக் கொடி நெளிந்து மறையும். முதல் இரண்டு சிரிஞ்சை அச்சமின்றி விடலாம். மூன்றாவதில் அந்தக் கொடி மறையத் தயங்கும். அப்போதிருந்து துளித்துளியாக. ஒரு துளி, சுழற்று, பார். இன்னொரு துளி, சுழற்று, பார். கிண்ணம் முழுவதும் ஆரஞ்சு கலந்த சிவப்பாகி, பத்து எண்ணும் வரை மாறாமல் நின்றால் அதுவே முடிவுப்புள்ளி. செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் தோற்ற இடம் இதுதான். பளிச்சென்று வரட்டும் என்று இரண்டு துளி கூடுதலாக விட்டுவிடுவார்கள். இலேசாக மாறியதே போதும்.

மூன்று முறை செய்ய வேண்டும். பேத்திக்கு 15.4, 15.8, 15.4 வந்தது. இரண்டாவதில் அவசரப்பட்டுவிட்டேன் என்று அவளே சொன்னாள். சராசரியாக 15.5 என்று எடுத்துக்கொண்டோம்.

கணக்கு இதோ. சுண்ணாம்பின் வேதிப்பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. மோல் என்பது மூலக்கூறுகளைக் கட்டுக்கட்டாக எண்ணும் அலகு. கால்சியம் ஹைட்ராக்சைடின் ஒரு மோல் 74 கிராம். 1.6ஐ 74ஆல் வகுத்தால் 0.0216 மோல். ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகளை (மின்னூட்டம் உள்ள துகள்களை) தருவதால் லிட்டருக்கு 0.043 மோல் ஹைட்ராக்சைடு. 1 மில்லிலிட்டர் வினிகரை முடிக்க 15.5 மில்லிலிட்டர் தேவைப்பட்டது. ஆகவே வினிகரின் அடர்த்தி 15.5 பெருக்கல் 0.043, அதாவது லிட்டருக்கு 0.67 மோல். வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தின் ஒரு மோல் 60 கிராம். லிட்டருக்கு 40 கிராம். நூற்றுக்கு 4. புட்டியின் ஒட்டுத்தாளைத் திருப்பிப் பார்த்தோம். அதிலும் 4 சதவீதம்தான் போட்டிருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பும் மஞ்சளும் கொண்டு ஓர் ஆலையின் ஒட்டுத்தாளைச் சரிபார்த்துவிட்டோம் என்று அவள் குதித்த குதிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எலுமிச்சைச் சாற்றுக்கு 20 மில்லிலிட்டருக்குப் பக்கத்தில் வரும், பழத்துக்குப் பழம் மாறும்.

பந்தி

பிள்ளைகள் எதை எண்ணினார்கள் என்று கேட்டேன் அல்லவா? விடை இங்கே இருக்கிறது.

பிஎச் தாளை (பிஎச் எண்ணை நிறத்தால் காட்டும் தாள்) அந்த வினிகரில் நனைத்தால் ஏறத்தாழ 2.5 காட்டும். அதைக் கணக்கிட்டால் லிட்டருக்கு 0.0032 மோல் ஹைட்ரஜன் அயனிகள்தான் வருகின்றன. நாம் தரம்பார்த்து எண்ணியதோ 0.67 மோல். கிட்டத்தட்ட இருநூறு மடங்கு! எது பொய்? இரண்டும் உண்மை.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வந்திருப்பவர்கள் இருநூறு பேர். பந்தியில் ஒரே ஓர் இலை. எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவது இலைமுன் உட்கார்ந்திருக்கும் ஒருவர். பிஎச் அவரைத்தான் பார்க்கிறது. அவர் எழுந்து போனதும் அடுத்தவர் வந்து உட்காருகிறார். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது, உட்கார்ந்தவரை வாசல்வரை அழைத்துப்போய் வழியனுப்புவது போல. ஒருவர் போக ஒருவர் வந்துகொண்டே இருப்பார்கள், இருநூறு பேரும் தீரும் வரை. தரம்பார்த்தல் எண்ணுவது மண்டபத்தில் இருந்த மொத்தத் தலைகளை. அசெட்டிக் அமிலத்தில் இருநூறு மூலக்கூறுக்கு ஒன்றுதான் எந்த நேரத்திலும் பிரிந்து ஹைட்ரஜன் அயனியை விட்டிருக்கும். இப்படிப்பட்டதை வலிமை குறைந்த அமிலம் என்கிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வந்தவர்கள் எல்லோருக்கும் இலை உண்டு. அது வலிமை மிக்க அமிலம்.

வலிமை வேறு, அடர்த்தி வேறு. வினிகரை எவ்வளவு அடர்த்தியாக்கினாலும் அது வலிமை குறைந்த அமிலம்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது வலிமை மிக்கதுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிள்ளை மேல்வகுப்பில் தடுமாறாது. சோதித்துப் பாருங்கள்: வினிகரைச் சுண்ணாம்பு நீரைப் போலவே பத்துப் பத்து மடங்காக நீர்த்து, செம்பருத்திச் சாறு விட்டால், இளஞ்சிவப்பு எளிதில் மங்காது. ஒவ்வொரு பத்து மடங்குக்கும் பிஎச் அரைப் படிதான் நகர்கிறது. தண்ணீர் சேரச் சேர இலைகளும் கூடுகின்றன.

இதற்குப் பிறகு வரையறையைச் சொல்லலாம். நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம் என்றார் சுவீடனின் அரீனியஸ். அயனிகள் பற்றிய அவருடைய 1884ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்கு உப்சாலாப் பல்கலைக்கழகம் மிகக் குறைந்த தகுதியையே கொடுத்தது. 1903இல் அதே கருத்துக்கு நோபல் பரிசு வந்தது. ஆனால் ஆப்பச் சோடாவில் ஹைட்ராக்சைடே கிடையாது. பிறகு அது எப்படிக் காரமாகும்? 1923இல் பிரான்ஸ்டெட், லௌரி என்ற இரு வேதியியலாளர்கள் தனித்தனியாக விடை சொன்னார்கள்: ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். ஆப்பச் சோடா வாங்கிக்கொள்கிறது, அதனால் காரம்.

வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் இது நடக்கிறது. இட்லி மாவு இரவெல்லாம் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்கிறது. மாலையில் அரைத்ததும் ஒரு முறை, காலையில் ஒரு முறை பிஎச் தாளை வைத்துப் பாருங்கள். பித்தளைக் குடத்தைப் புளி துலக்குவது மேலே படிந்த ஆக்சைடை அமிலம் கரைப்பதால். அதே புளி பித்தளையையும் அரிக்கும் என்பதால்தான் எங்கள் ஊர்ப் பாத்திரங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசுவார்கள். பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் ரசம் வைக்க என் அம்மா விடமாட்டார்.

ஒரு வாரம் கழித்துப் பேத்தி தானாகவே வினிகரை மறுபடியும் தரம்பார்த்தாள். இந்த முறை 18 மில்லிலிட்டர் ஆயிற்று. வினிகர் அடர்த்தி கூடிவிட்டதா என்று கேட்டாள். வினிகர் தானாக அடர்த்தி கூடாது, வேறு என்ன மாறியிருக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தவள், சுண்ணாம்பு நீர்ப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மூடி சரியாகத் திருகப்படவில்லை. தண்ணீரின்மேல் மெல்லிய கண்ணாடி போல ஓர் ஏடு படர்ந்திருந்தது. அடியில் சுண்ணாம்பு மிஞ்சிக் கிடந்த பழைய புட்டியைக் குலுக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, மறுநாள் புதிய நீரை எடுத்தோம். 15.4 வந்தது.